சர்வீசுக்கு விட்ட இடத்தில் ரன்னிங் போர்டு நசுங்கிவிட்டது: கையெழுத்துப் போட்டு வண்டியை எடுப்பதா, வேண்டாமா?

கோபி_வாய்க்கால்மேடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஒரு டீலரிடம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். பெயர் இப்போதைக்கு வேண்டாம். டெலிவரி எடுக்கும்போது பார்த்தால் இடது பின்கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டின் (கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பாடித் தகடு) அடி விளிம்பு உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. கதவின் அடி ஓரமும் நசுங்கி, பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறது. வண்டியை விடும்போது அட்வைசர் தம்பி சுற்றி வந்து பார்த்துத்தான் ஜாப் கார்டு (வண்டியின் நிலையையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கும் தாள்) போட்டார். அதில் முன்பம்பரில் இருக்கும் பழைய கீறல் மட்டும்தான் குறித்திருக்கிறது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. நகல் என் கையில் இருக்கிறது.

இப்போது கேட்டால், "இது முன்னாடியே இருந்திருக்கும் சார், அடியில யாரும் பார்க்கறதில்லை" என்கிறார்கள். மேனேஜர் வந்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, என் இன்சூரன்சில் கிளெய்ம் போட்டுச் சரி செய்து தருவார்களாம். இல்லையென்றால் கதவுக்கு மட்டும் இலவசமாக டச்-அப். பில்லைக் கட்டி, 'வேலை திருப்தியாக உள்ளது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் கேட் பாஸ் தருவார்களாம். நான் போடாமல் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். வண்டி அங்கேதான் நிற்கிறது. அடுத்து என்ன செய்யட்டும்?

ஒண்டிப்புதூர்_அம்மிணி:
போடாமல் வந்தது ரொம்ப சரிங்கண்ணா. உங்க கையில் இருக்கிற ஜாப் கார்டுதான் இதில் பெரிய ஆதாரம். நம் பொருளை ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தால், சாதாரண புத்தியுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனமாக அவர் பார்க்க வேண்டும். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்று போர்டு மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று இவர்கள் நினைக்கிறார்கள். டெல்லியில் ஒரு ஓட்டலில் வேலே பார்க்கிங்குக்கு (ஓட்டல் ஆளே வாங்கி நிறுத்துவது) கொடுத்த கார் திருடுபோன வழக்கில், சீட்டில் அப்படி அச்சடித்திருப்பதைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி தங்கள் கைக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

வேலையை அவர்களிடம் விடாதீர்கள். செலவைப் பணமாக வாங்கி வேறு இடத்தில் செய்யுங்கள். தரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம்.

பெருந்துறை_பாடிஷாப்:
அம்மிணி சொல்வதில் சட்டம் சரியாக இருக்கலாம். நான் பல வருஷமாக டிங்கரிங் பக்கம் வேலை செய்கிறவன், அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜாப் கார்டு போடும்போது அட்வைசர் நின்றபடிதான் பார்ப்பார். ரன்னிங் போர்டின் அடி விளிம்பு குனிந்து பார்த்தால்கூடச் சரியாகத் தெரியாது. போன மாசம் ஏதோ பங்க்சர் கடையில் ஜாக்கியைத் தப்பான இடத்தில் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் மடங்கும். கார்டில் குறிக்கவில்லை என்பதாலேயே இவர்கள்தான் செய்தார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

பில்லைக் கட்டாமல் வண்டியைக் கேட்கவும் முடியாதுங்க. செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அங்கேயே விட்டால் பார்க்கிங் வாடகை வேறு ஏற்றுவார்கள். கூப்பிட்டுப் பேசி அவர்களிடமே சரிசெய்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். வருஷக்கணக்கில் ஆணையத்துக்கு அலைந்தால் டீசல் காசுகூடத் தேறாது.

கோபி_வாய்க்கால்மேடு:
பங்க்சர் கடைக்கு வண்டி போகவே இல்லைங்க அண்ணா. அந்த இடத்தைப் போனில் படம் எடுத்திருக்கிறேன். மடங்கிய இடத்தில் பெயின்ட் உதிர்ந்து தகடு பளபளவென்று தெரிகிறது. ஓர் இடத்தில் வட்டமாக ரப்பர் அழுத்திய தடம் கறுப்பாக இருக்கிறது.

பெருந்துறை_பாடிஷாப்:
அப்படியென்றால் விஷயம் வேறுங்க. பெயின்ட் போன தகடு ஒரு மழை பட்டாலே பழுப்பேற ஆரம்பித்துவிடும். பளபளவென்று இருந்தால் அது புது அடி. வட்டத் தடம், ஒர்க்ஷாப்பில் வண்டியை மேலே தூக்குகிற லிப்டின் கையில் இருக்கும் ரப்பர் பேடாகத்தான் இருக்க வேண்டும். பங்க்சர் கடை ஜாக்கி அப்படித் தடம் விடாது. இன்னொன்றும் பாருங்கள். நிறைய கார்களில் அந்த விளிம்பில் சின்னதாக இரண்டு வெட்டு இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பேடை வைத்துத் தூக்க வேண்டும், அங்கேதான் உள்ளே கூடுதல் தகடு இருக்கிறது. உங்கள் படத்தில் வெட்டு தெரிகிறதா? மடங்கிய இடம் அதைத் தாண்டி இருந்தால் பேடைத் தள்ளி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள்.

கோபி_வாய்க்கால்மேடு:
தெரிகிறதுங்க. மடங்கிய இடம் வெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

சங்ககிரி_லாரிக்காரர்:
மாட்டை இன்னொருத்தருடைய கட்டுத்தறியில் விட்டுவிட்டு வந்தால், அதன் காலுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதற்குத் தம்பி இவ்வளவு சண்டை? இன்சூரன்ஸ் நம் காசு கட்டி வாங்கியதுதானே. ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத பாலிசி) இருந்தால் கையிலிருந்து ஆயிரம் ரூபாய், கூடப் போனால் இரண்டாயிரம். கிளெய்ம் போட்டு முடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஒண்டிப்புதூர்_அம்மிணி:
ஐயா, தப்பாக நினைக்காதீர்கள், அந்த ஒரு வழி மட்டும் கூடவே கூடாது. அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது. ஒரே கிளெய்மில் அது சுழியாகிவிடும். அந்த உயரத்துக்குத் திரும்ப வர இன்னும் அஞ்சு வருஷம் வேண்டும். அது போனாலும் போகட்டும். கிளெய்ம் பாரத்தில் விபத்து எப்படி நடந்தது என்று எழுத வேண்டுமே? "பார்க் செய்யும்போது கல்லில் ஏறிவிட்டது" என்று எழுதச் சொல்வார்கள். பொய்க்குக் கையெழுத்துப் போடுவது நம்ம அண்ணன், தப்பிப்பது அவர்கள். அவர்கள் பொறுப்பில் நிற்கிற வண்டிக்கு அடிபட்டால் ஈடு கொடுக்க ஒர்க்‌ஷாப்புகளுக்கென்றே தனி இன்சூரன்ஸ் இருக்கிறது. அதில் போடட்டும்.

பெருந்துறை_பாடிஷாப்:
இன்சூரன்ஸ் விஷயத்தில் அம்மிணி சொல்வதுதான் சரி. ஆனால் சின்னத் தொகைக்கெல்லாம் எந்த ஒர்க்‌ஷாப்பும் தன் பாலிசியில் கிளெய்ம் போடாது. என்ன நடக்கும் தெரியுமா? ஐடிஐ முடித்துவிட்டு வந்து, மதுரைப் பக்கமோ தர்மபுரிப் பக்கமோ இருந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு பையன் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று விரட்டினால் பேடைக் குனிந்து பார்த்து வைக்க அவனுக்கு எங்கே நேரம்? நீங்கள் சண்டை போடுவது மேனேஜரிடம். அடி விழுவது அவனுக்கு. அதனால்தான் பேசி முடிக்கச் சொல்கிறேன்.

ஒண்டிப்புதூர்_அம்மிணி:
அந்தத் தம்பிக்காக நானும் வருத்தப்படுகிறேன். ஆனால் விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் கை வைப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. அவனைக் காட்டி வாடிக்கையாளர் வாயை அடைத்தால், விரட்டுகிற மேனேஜர் விரட்டிக்கொண்டேதான் இருப்பார். அடுத்த வண்டியும் நசுங்கும், அடுத்த பையனுக்கும் பிடிப்பார்கள். பெரிய இடத்துக்குச் செலவு வலித்தால்தான் பேடைச் சரியாக வைக்க நேரம் கொடுப்பார்கள்.

ஆணையம் என்றால் கோவைக்கு அலைய வேண்டும் என்பதும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அண்ணனுக்கு ஈரோடு. நாம் கட்டிய தொகை அஞ்சு லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இங்கே அது சர்வீஸ் பில்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். கம்பெனி பெயர் அதில் ஏறினாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

பெருந்துறை_பாடிஷாப்:
மூன்று மாசத்தில், சோதனைக்கு அனுப்பினால் அஞ்சு மாசத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்படி முடிந்து நான் பார்த்ததில்லை. அதுவரை தகடு துருப்பிடிக்காமல் காத்திருக்காதுங்க.

டச்-அப் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதில் நானும் உங்கள் பக்கம்தான். மேலே பெயின்ட் பூசினால் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கூடு போலிருக்கிற இடத்தில் ஈரம் இறங்கித் துரு தின்னும். விளிம்பை நிமிர்த்தி, தகடு வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, இணைப்பில் சீலர் வைத்து, கல் தெறிக்காமல் இருக்க அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். கடைசியில் உள்கூட்டில் வேக்ஸ் அடிக்க வேண்டும். பள்ளத்தைப் பட்டி (நிரப்பும் பசை) வைத்து மூடவே கூடாது. தொழிற்சாலையில் வண்டி வெறும் கூடாக இருக்கும்போதே பெயின்டை 140 டிகிரி அளவில் சுட்டெடுக்கிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டியை நம் பூத்தில் 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோகவே யோசிப்போம். அந்தப் பழைய பெயின்ட் திரும்ப வராது, அதனால் கதவு முழுவதும் உரிக்க விடாதீர்கள். இதை அதே டீலரிடம் எழுதி வாங்கிச் செய்தால், நாளைக்குத் துரு வந்தாலும் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும். பணமாக வாங்கி வெளியில் செய்தால் யாரைப் போய்க் கேட்பீர்கள்?

ஒண்டிப்புதூர்_அம்மிணி:
செய்யவே இல்லை என்று சாதித்தவர்களை நம்பித் திரும்ப அதே லிப்டில் ஏற்றச் சொல்கிறீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கோபி_வாய்க்கால்மேடு:
இரண்டு பேர் சொன்னதையும் வைத்து மெயில் எழுதியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்:

"ஜாப் கார்டில் இடது பக்கத்தில் எந்தச் சேதமும் குறிக்கப்படவில்லை. உங்கள் டெக்னீஷியன் லிப்டில் தவறாகத் தூக்கியதால் ரன்னிங் போர்டும் பின்கதவும் சேதமாகியுள்ளன. படங்களை இணைத்துள்ளேன். வண்டி உள்ளே வந்ததிலிருந்து டெலிவரி வரையிலான சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆட்சேபத்துடன் பில்லைக் கட்டுகிறேன். செலவை நீங்களே ஏற்று என்னென்ன வேலை செய்வீர்கள் என்பதை ஏழு நாளில் எழுத்தில் தெரிவிக்கவும்."

ஒண்டிப்புதூர்_அம்மிணி:
நன்றாக இருக்குங்கண்ணா. சிசிடிவி வரியை மேலே கொண்டுவாருங்கள், பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல் போடுங்கள். திருப்தித் தாளில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், அதற்கு மேலேயே "இடது ரன்னிங் போர்டு, கதவு சேதம், ஆட்சேபத்துடன்" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

பெருந்துறை_பாடிஷாப்:
"உங்கள் டெக்னீஷியன்" என்பதை எடுத்துவிடுங்கள் தம்பி. "உங்கள் ஒர்க்‌ஷாப் பொறுப்பில் இருந்தபோது" என்று போதும், பொறுப்பு கம்பெனி மேல் நிற்கும். எடுக்கப் போகும்போது பகலில் போங்கள். வண்டியை ஒருமுறை லிப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லி, பேடை அந்தத் தடத்துக்கு நேராகப் பிடித்து மேனேஜர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். அதற்கு மறுத்தால் மறுத்தார்கள் என்பதையும் மெயிலில் சேர்த்துவிடுங்கள்.

கோபி_வாய்க்கால்மேடு:
மாற்றி அனுப்பிவிட்டேனுங்க. திங்கள்கிழமை போகிறேன்.