போஸ்ட்மார்ட்டம்: ‘பிணக்கூறாய்வு’ வேண்டாம், வேறு சொல் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

சர்வர் விழுந்து எழுந்த பிறகு பொறியாளர்கள் கூடி எழுதும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கைக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஒரு சொல் தேவை. ‘பிணக்கூறாய்வு’ என்று போட்டால் அரசு மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. ‘முடக்காய்வு’ சரியா? ‘பிளேம்லெஸ்’ (யார்மேலும் பழி போடாத) சேர்ந்து வருமிடத்தில் ‘பழியற்ற முடக்காய்வு’.

— செ.

> ‘முடக்காய்வு’ சரியா?

பிணத்தைக் கைவிட்டது நல்லது, ஐயா. ஆனால் முடக்கமே நேராதபோதும் இந்த ஆய்வு தேவைப்படும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் நடந்ததை வைத்துச் சொல்லைச் சோதிக்கலாம்.

முதன்மையின் நகலான துணைத் தரவுத்தளம், முதன்மையை எட்டிப்பிடிக்க முடியாமல் பின்தங்கியது. அதை மறுபடி நிரப்ப, துணையிலுள்ள தரவு அடைவை (ஃபோல்டர்) அழிக்க வேண்டும். அழிக்கும் கட்டளை ஓடியதோ முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. காப்புநகலைத் தேடினால் சேமிப்பிடம் காலி. காப்பெடுக்கும் நிரல் போஸ்ட்கிரஸ் (தரவுத்தள மென்பொருள்) 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6. இரண்டும் ஒவ்வாமல் நிரல் பிழையோடு நின்றுபோயிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களை, டிமார்க் (அனுப்புநர் உண்மையா என்று பார்க்கும்) சரிபார்ப்பில் தேறவில்லை என்று அஞ்சல் சர்வர் திருப்பிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது, ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்நேர நகல்).

காப்பு தோற்றுக்கொண்டிருந்தபோது தளம் நன்றாகத்தான் ஓடியது. அந்தத் தோல்வி அப்போதே தெரிந்திருந்தால் அதையும் இப்படித்தான் உட்கார்ந்து ஆய்ந்திருக்க வேண்டும். ‘முடக்காய்வு’ அதற்கு இடம் தராது. ‘பின்னாய்வு’ தரும்.

‘பழியற்ற’ என்பதும் இடிக்கிறது. பழியற்ற மனிதர் என்றால் அவர்மேல் பழியில்லை என்று பொருள். பழியற்ற ஆய்வு என்றால் ஆய்வின்மேல் பழியில்லை! ‘அரசுசாரா’ போல ‘பழிசாரா’ எனலாம்.

— ந.

ந. அவர்களுக்கு, ‘பின்னாய்வு’ மிகப் பொது. தேர்தல் முடிந்தும் கட்சிகள் பின்னாய்வு செய்யும். ‘பழிசாரா’ என்றாலோ, யாருக்கும் பொறுப்பில்லை என்று மேலாளர்கள் படித்துவிடுவார்கள். அறிக்கையின் உள்தலைப்புகளுக்கும் சொல் சொல்லுங்கள்.

— இரா.

முதல் வரவில் ‘பழுதுப் பின்னாய்வு’, பிறகு ‘பின்னாய்வு’. அதில் விட்டுக்கொடுக்கிறேன்.

பொறுப்பு எங்கே போகிறது என்றால், ‘செய்பணி’க்குள் (ஆக்‌ஷன் ஐட்டம், இனிச் செய்ய வேண்டிய வேலை) போகிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 இணையச் சேமிப்புச் சேவையில் ஒரு கட்டளைக்குத் தவறான உள்ளீடு கொடுக்கப்பட்டு, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்றன. ‘இனிக் கவனமாகத் தட்டவும்’ என்பது செய்பணி ஆகாது. அவர்கள் கருவியையே மாற்றினார்கள்: சர்வர்களை மெதுவாகத்தான் கழற்றும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாது. செய்பணி ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு, முடிந்ததைச் சரிபார்க்கும் வழி, இம்மூன்றும் வேண்டும். ‘காப்பைக் கண்காணி’ என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். ‘வாரம் ஒருமுறை காப்பிலிருந்து தனி சர்வரில் மீட்டெடுத்து, அட்டவணை வரிசைகளை எண்ணு, 24 மணி நேரத்தில் வெற்றிச் செய்தி வராவிட்டால் எச்சரிக்கை அடி’ என்று எழுத வேண்டும். தோல்விச் செய்தியை நம்பி உட்கார்ந்தால் கிட்லேப் கதைதான். செய்தி வரும் வழியே பழுதாயிருக்கலாம்.

உள்தலைப்புகள்: ‘பாதிப்பு’, ‘காலவரிசை’ (எந்த நேர வலயம் என்று குறித்து), ‘காரணிகள்’, ‘செய்பணிகள்’. ‘மூலக்காரணம்’ என ஒருமையில் வேண்டாம். ஒருமையில் கேட்டால் பதில் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயராகத்தான் வரும். மேலே கிட்லேபில் மட்டும் நான்கைந்து காரணிகள்.

— ந.

ஏற்கிறேன். ‘நியர் மிஸ்’ (பழுது நேராமல் மயிரிழையில் தப்பியது) விடுபட்டது. செய்தித்தாள் பாணியில் ‘நூலிழைத் தப்பு’?

— செ.

‘தப்பு’ என்றால் பிழை என்று வாசிப்பார்கள். ‘நூலிழைத் தப்பல்’ எனலாம். பட்டியலுக்கான பதிவு:

பழிசாராப் பின்னாய்வு (பெ.): பழுது அல்லது நூலிழைத் தப்பலுக்குப் பின், செயல்பட்டவருக்கு அந்நேரம் என்ன தெரிந்திருந்தது என்பதிலிருந்து தொடங்கி, காரணிகளையும் செய்பணிகளையும் எழுதிவைக்கும் ஆய்வு.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.

— இரா.