மறு: ஃப்ளாக் என்பதற்குத் தமிழ்ச்சொல்: நிலைக்குறியா, கொடியா?

அனைவருக்கும் வணக்கம்.

> "கொடி" நேரடி மொழிபெயர்ப்பு. படிக்கிறவருக்குத் துணிதான் நினைவுக்கு வரும். "நிலைக்குறி" என்றால் பொருள் தெளிவு.

நிரலில் ஒன்று நடந்ததா இல்லையா என்று மட்டும் குறித்துவைக்கும் ஃப்ளாக் (flag) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஐயா எழுதியதை இரண்டு நாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடிதான் சரியென்று படுகிறது. துணி நினைவுக்கு வரட்டும், நல்லதுதான்.

நான் இருப்பது ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில். போன வாரம் சித்தப்பாவோடு நண்டு வலை எடுக்கப் போனேன். முதல் நாள் சாயங்காலம் விட்ட வலை. தண்ணீருக்குள் கிடக்கிற வலை மேலிருந்து தெரியாது. வலை முனையில் மிதக்கும் தெர்மாகோல் கட்டை, அதில் குத்திய கம்பு, கம்பு நுனியில் கட்டிய கறுப்புத் துணி, இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். விடிந்தும் விடியாத நேரம். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "கொடி நிக்குதா பாரு." கொடி நின்றால் வலை இருக்கிறது. வலையைத் தூக்கிப் பார்க்காமலே அந்த ஒரு சேதி தெரிந்துவிடுகிறது. நிரலுக்குள் ஃப்ளாக் செய்யும் வேலையும் இதுதான்.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைச் சொல்லும்போது, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்கள் எடுத்த கொடி, துறையில் நிற்கும் கப்பல்களின் கொடி, கள் விற்கும் இடத்துக் கொடி என்று தனித்தனியாகக் காட்டுகிறது. கள் விற்கும் இடத்தில் பறக்கும் கொடி எந்த அரசனின் பெருமையையும் சொல்லவில்லை. இங்கே கள் உண்டு என்கிறது, அவ்வளவுதான். மீன், புலி, வில் என்று மூவேந்தர் சின்னங்களையே நினைத்துக்கொண்டிருப்பதால் கொடி என்றாலே சின்னம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெயர்ச்சொல்லைவிட எனக்கு முக்கியம் வினைச்சொல். நிலைக்குறியை என்ன செய்வது? அமைப்பதா, இடுவதா, நீக்குவதா, அழிப்பதா? கொடிக்கு இந்தத் தடுமாற்றமே இல்லை. ஏற்றலாம், இறக்கலாம். ராமேசுவரம் கோயில் திருவிழாவானாலும், ஏர்வாடி சந்தனக்கூடானாலும், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவானாலும் எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் வருவது கொடியேற்றம் என்ற ஒரே சொல். கொடிமரம் வருடம் முழுக்க நிற்கும், கொடி திருவிழாவுக்குத்தான் ஏறும். நிரலில் மாறி என்பது ஒரு மதிப்பை வைக்கப் பெயரிட்ட இடம். ஒரு மாறியை அறிவித்து, மதிப்பைச் சுழியாக (பூச்சியமாக) வைத்திருப்பது வெறும் கொடிமரம் நிற்பது போல. மதிப்பு ஒன்று ஆனால் கொடி ஏறிவிட்டது. மாறியையே அறிவிக்கவில்லை என்றால் மரமே நடவில்லை. தரவுத்தளத்தில் "இல்லை" என்ற மதிப்பும் வெற்றுக் கட்டமும் வேறுவேறு என்று புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கொடிமரத்தைச் சொன்ன பிறகு யாரும் மறுபடி கேட்கவில்லை.

8085 என்ற நுண்செயலியில், அதாவது கணக்குப் போடும் கணினிச் சில்லில், ஐந்து கொடிகள் உண்டு. ஏழிலிருந்து ஏழைக் கழித்தால் விடை சுழி, உடனே அதற்கான கொடி ஏறும். அதைச் சுழிக்கொடி என்று எழுதலாம்தான், ஆனால் எங்கள் கரையில் சுழி என்றால் ஆளை இழுக்கும் நீர்ச்சுழி. அதனால் பூச்சியக் கொடி என்பேன். கூட்டும்போது இடம் போதாமல் ஒன்று மிஞ்சினால் ஏறுவது இனமாற்றக் கொடி. இனமாற்றம் நம் தொடக்கப் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிற சொல், புதிதாகத் தேட வேண்டாம்.

> பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டை வைத்துக் "கூண்டு" என்றே சொல்லலாமே?

தோழியின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றுவதும் இறக்குவதும் அதற்கும் உண்டு. ஆனால் கூண்டுக்கு எண் இருக்கிறது, 1 முதல் 11 வரை. "மூணாம் நம்பர் கூண்டு ஏத்திருக்கு" என்றால்தான் சேதி முழுமையாகும். கொடிக்கு இரண்டே நிலை. பல படிகள் உள்ள எச்சரிக்கை அளவுகளுக்குக் கூண்டை எடுத்து வைத்துக்கொள்வோம்.

கொடி என்றால் செடிகொடி, துணி உலர்த்தும் கொடி, தாலிக்கொடி, தொப்புள்கொடி என்று குழப்பம் வருமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஆங்கிலச் சொல்லுக்கும் தளக்கல், ஒரு பூச்செடி, சோர்ந்து தொய்தல் என்று வேறு பொருள்கள் உண்டு. அதனால் எந்த நிரலரும் தடுமாறியதில்லை.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் கொடியை ஒட்டுவதை நான் ஒப்பமாட்டேன். எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் புழங்கும் ஒரு கைபேசிச் செயலியில் "இந்தப் பதிவைக் கொடியிடு" என்று பொத்தான் வந்தது. காற்று எச்சரிக்கை என்று யாரோ பொய்யாகப் போட்ட பதிவுக்குக் கீழே அதைக் காட்டி, "இத அமுக்குனா என்னண்ணே ஆகும்?" என்றான் சித்தப்பா மகன். எனக்கு வருத்தமாகிவிட்டது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற இடத்தில் புரியாத சொல் நிற்கக்கூடாது. அங்கே "புகார் செய்" என்று இருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு "அடையாளமிடு" போதும். கப்பல் விஷயத்தில் கொடி நாடு என்பது பதிவு செய்த நாடுதான், "பதிவு செய்த நாடு" என்றே எழுதலாம்.

மென்பொருளில் வரும் "ஃப்ளாக் டே"யையும் கொடி நாள் என்று பெயர்க்காதீர்கள். நமக்கு அது டிசம்பர் 7, படைவீரர் கொடிநாள். மென்பொருளில் எல்லோரும் ஒரே நாளில் மாறியாக வேண்டிய மாற்றத்துக்கு அந்தப் பெயர் வந்தது, மல்டிக்ஸ் என்ற பழைய கணினி இயக்க அமைப்பில் எழுத்துக் குறியீட்டை மாற்ற 1966 ஜூன் 14 என்று நாள் குறித்ததால். அன்று அமெரிக்காவில் கொடி நாள். நமக்கு "ஒருசேர மாறும் நாள்" என்றாலே விளங்கும்.

கட்டளை வரியில், அதாவது கணினிக்குக் கட்டளையைத் தட்டச்சு செய்யும் இடத்தில், கழித்தல் குறி போட்டு எழுதும் ஃப்ளாக்தான் பாக்கி. அங்கே எதுவும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இப்போதைக்குத் "தெரிவு" என்று வைத்திருக்கிறேன், ஆனால் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்வதற்கும் அதே சொல்லைப் புழங்குகிறோம். இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கையேட்டின் அந்த அத்தியாயத்தை எடுக்கிறேன்.