புதுப்பிப்பு: புது டேபிள்களில் மட்டும் அனுமதி மறுப்பு, காரணம் தெரிந்தது

அன்சிபிளில் (சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரை அமைக்கும்போது, படிக்க மட்டும் உரிமையுள்ள ரோலுக்குப் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) பழைய டேபிள்கள் திறக்கின்றன, புதியவை "பெர்மிஷன் டினைடு" என்கின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

எல்லா டேபிள்களுக்கும் கொடுக்கும் கிராண்ட் (உரிமை வழங்கும் கட்டளை), அந்த நொடியில் இருப்பவற்றுக்குத்தான். இனி வரப்போகிறவற்றுக்கு 'ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலேஜஸ்' என்ற கட்டளை வேண்டும். அதைப் போட்டிருந்தேன், ஆனால் 'போஸ்ட்கிரெஸ்' என்ற நிர்வாகப் பயனராக. அப்படிப் போட்டால் அந்தப் பயனர் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது செல்லும். எங்கள் டேபிள்களை உருவாக்குவதோ மைக்ரேஷன் ரோல் (டேட்டாபேஸ் அமைப்பு மாற்றங்களை ஓட்டும் கணக்கு). கட்டளையில் 'ஃபார் ரோல்' என்று அதன் பெயரைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. விடுபட்டவற்றுக்கு கிராண்டை இன்னொரு முறை ஓட்டினேன்.

அப்புறம், போஸ்ட்கிரெஸ் 14 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள், பப்ளிக் ஸ்கீமாவில் (எல்லாருக்கும் பொதுவான டேபிள் தொகுப்பு) எல்லாருக்கும் இருக்கும் கிரியேட் (புதிதாக உருவாக்கும்) உரிமையை ரிவோக் செய்யும், அதாவது திரும்பப் பெறும், வரியையும் பிளேபுக்கிலேயே (அன்சிபிளின் கட்டளைக் கோப்பு) எழுதிவிடுங்கள்.