எதிர்ப்பக்கம் பேசவும் இடம் இருக்கிற புத்தகம்

வகுப்பில் விவாதம் கிளம்பும் என்று நம்பி நான் முதலில் எடுத்துப்போனது குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஒரு கதை. வாசித்து முடித்ததும் "பாவம் மிஸ்" என்றார்கள். அத்தனை பேரும். ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் மேல் குறை இல்லை. எதிர்த்துப் பேச அந்தக் கதையில் இன்னொரு பக்கமே இல்லை.

அடுத்த முறை கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' நாடகம். 2,400 வருடங்களுக்கு மேல் பழையது, ஆனால் சின்னது. சொந்த ஊர்மேலேயே படையோடு வந்து செத்துப்போனவனை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று ராஜா கிரியோன் ஆணையிடுகிறான். செத்தவனின் சகோதரி ஆன்டிகனி அதை மீறுகிறாள். அவள் பிடிபட்டு ராஜா முன்னால் நிற்கும் காட்சி முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொன்னேன். முடிவு தெரிந்துவிட்டால் அப்புறம் கிரியோனுக்காக யார் பேசுவார்கள்? வாய் திறக்கும் முன் தங்கள் கட்சி எது என்று ஆளுக்கு ஒரு வரி எழுதவும் வைத்தேன். இல்லையென்றால் சத்தமாகப் பேசுகிறவர்கள் பின்னால் மற்றவர்கள் போய்விடுவார்கள்.

"ஊரைத் தாக்கினவனுக்கும் அதே மரியாதை என்றால், ஊரைக் காக்கச் செத்தவங்களுக்கு என்ன மதிப்பு?" என்றான் ஒருவன். "செத்தவன்கிட்ட என்ன பகை?" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. பிடித்துக்கொண்டது.

வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் அப்போது எழுந்தாள். "இஸ்மேனேயைப் பற்றி ஏன் யாருமே பேசலை?" என்றாள். இஸ்மேனே ஆன்டிகனியின் சகோதரி, முதலில் பயந்து உதவ மறுத்தவள். பிறகு தண்டனையில் பங்கு கேட்டு வருகிறாள், ஆன்டிகனி ஏற்கவில்லை. "பயந்தது தப்பா மிஸ்?" என்னிடம் பதில் இல்லை. அந்த மாதிரி கேள்வி வரும் புத்தகத்தைத்தான் அன்றிலிருந்து தேடுகிறேன்.

கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' (1954) நாவல் வாசித்தபோது வேறு சிக்கல். பெரியவர்கள் இல்லாத தீவில் சிக்கிய பையன்கள் கொலை வரைக்கும் போய்விடும் கதை அது. கேட்க ஆள் இல்லாவிட்டால் மனிதர்கள் இப்படித்தான் என்று வகுப்பே முடிவு கட்டிவிட்டது. சரி என்று, 1965-ல் டோங்கா நாட்டுப் பையன்கள் ஆறு பேர் ஆளில்லாத ஆட்டா தீவில் சிக்கியதைச் சொன்னேன். முறை வைத்து வேலை பார்த்து, மூட்டிய நெருப்பை அணையவிடாமல் காத்து, ஓராண்டுக்கும் மேல் தாக்குப்பிடித்து, ஆறு பேருமே உயிரோடு மீண்டார்கள்.

"அவங்க ஏற்கெனவே நண்பர்கள் மிஸ். கதையில் பலருக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாதே!" என்று உடனே மடக்கினான் ஒருவன். அடுத்த பீரியட் முழுக்க அதிலேயே ஓடியது.