பழைய ராக்ஹாப்பர்: ஃபிரேம் 18.5ஆ, 20ஆ? அவசரம்

கரடுமேடு: பழைய ஸ்பெஷலைஸ்டு மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். விற்றவர் 20 இஞ்ச் என்றார், வீட்டில் அளந்தால் 18.5தான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா? மேடு ஏறும்போது முன் சக்கரம் வேறு அலைபாய்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்க நாளைவரைதான் நேரம்.

செயின்மாமா: எந்த மாடல்? எந்த வருடம்? உங்கள் உயரம்? எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்?

ஸ்டீல்பிரியன்: ஸ்டெம்தான் (ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னால் நீளும் துண்டு) காரணம், சந்தேகமே வேண்டாம். 90களின் தொடக்கத்தில் 130, 140 மி.மீ. ஸ்டெம் சர்வசாதாரணம். 80க்கு மாற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கரடுமேடு: ராக்ஹாப்பர். வருடம் தெரியாது. நான் 5 அடி 10. பெடல் கைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து டாப் டியூப் (மேல் குறுக்குக் குழாய்) நடுவரை 47 செ.மீ.

பழைய_இரும்பு: இந்தக் கேள்வி இங்கே வராத மாதமே இல்லை. தேடிப் படிக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பது ஒரு முறை, சீட் டியூபின், அதாவது சீட் செருகும் குழாயின், மேல் விளிம்புவரை அளப்பது இன்னொன்று. டாப் டியூபின் பாதித் தடிமன் 14 மி.மீ. இருக்கும். சீட் கவ்வும் காலர் அதற்கு மேலே இரண்டரை செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் மொத்தம் 51 செ.மீ., அதாவது 20 இஞ்ச். அவரும் பொய் சொல்லவில்லை, உங்கள் டேப்பும் பொய் சொல்லவில்லை.

செயின்மாமா: 5 அடி 10க்கு அந்த அளவு பொருந்தும். வருடத்துக்கு, பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் பின்புறம் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். ஷிமானோ கம்பெனியுடையது என்றால் இரண்டு ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். முதலாவது வருடம், ஏ என்றால் 1976, இப்படியே எண்ணிக்கொண்டு போகலாம். இரண்டாவது மாதம். யாராவது கிராங்கை மாற்றியிருந்தால் ஏமாற்றும். அப்புறம், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் ஒரிஜினலா?

கரடுமேடு: கியூ, சி. ஃபோர்க் ஷாக் வைத்தது, விற்றவர் புதிதாகப் போட்டாராம். நல்லதுதானே?

செயின்மாமா: அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! கிராங்க் 1992 மார்ச்சில் செய்தது. அந்தக் காலத்து ஷாக் இல்லாத ஃபோர்க், சக்கர அச்சிலிருந்து கிரவுன்வரை (இரண்டு கால்களும் மேலே சேரும் இடம்) 40 செ.மீ. சுமார் இருக்கும். உங்களுடையதை அளந்து பாருங்கள். 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் கோணம், அதாவது ஃபோர்க் செருகும் ஹெட் டியூபின் கோணம், ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும், சீட் டியூபும் கூடவே பின்னால் சாயும். உடம்பு பின்னால் போகிறது, முன் சக்கரத்தில் பாரம் இல்லை, மேட்டில் அலையாமல் என்ன செய்யும்? டாப் டியூபும் மேலே ஏறியிருக்கும், நிற்கும்போது இடிக்கும்.

ஸ்டீல்பிரியன்: நான் சொன்ன ஸ்டெம்?

பழைய_இரும்பு: ஸ்டெம்மைக் குறைத்தால் முன்பாரம் இன்னும் குறையும். யோசித்துச் சொல்லலாமே.

ஸ்டீல்பிரியன்: மவுண்டன் பைக் முன்னோடி கேரி ஃபிஷர் 1998இல் ஜெனிசிஸ் என்ற வடிவமைப்பில் குட்டை ஸ்டெம் கொண்டுவந்தாரே, அவரும் யோசிக்காமலா செய்தார்?

பழைய_இரும்பு: அவர் கூடவே டாப் டியூபை நீட்டினார் ஐயா. பாதிக் கதையை மட்டும் சொல்லாதீர்கள். பழைய ஃபிரேமில் ஷாக் மாட்டுவதே அபசாரம், அது ஹெட் கோணம் 71, சீட் கோணம் 73 டிகிரிக்குச் செய்த வண்டி.

மழைப்பாதை: அபசாரமா? குறைந்த டிராவல் (ஷாக் அமுங்கும் தூரம்) உள்ள ஃபோர்க் போட்டால் எந்தக் குறையும் இல்லை. எல்லோரும் பழைய வண்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறவர்கள் இல்லை.

பழைய_இரும்பு: ஓட்டட்டும், யார் தடுத்தது? ஹெட் டியூபின் அடி ஜாயின்டில் விரிசல் வந்தால் இங்கேதான் வந்து கேட்பீர்கள்.

செயின்மாமா: சண்டையை வேறு இழையில் போடுங்கள். கரடுமேடு, சமதரையில் வண்டியை நேராகப் பிடித்து, கைப்பேசி உறையைக் கழற்றி, ஃபோர்க் கால் மேல் ஒட்டவைத்து லெவல் செயலியில் கோணம் பாருங்கள். ஹெட் டியூபில் வைக்காதீர்கள், பேட்ஜ் தடுக்கும்.

கரடுமேடு: கோணம் 67.5 டிகிரி, 71 இல்லை. அச்சிலிருந்து கிரவுன் 46.5 செ.மீ., ஆறரை செ.மீ. அதிகம். பழைய ஃபோர்க் விற்றவர் வீட்டிலேயே கிடக்கிறதாம், வாங்கப் போகிறேன். நன்றி.

மழைப்பாதை: அந்த ஷாக் ஃபோர்க்கைக் கொடுப்பீர்களா? ஸ்டியரர் (ஹெட் டியூபுக்குள் போகும் குழாய்) நீளம் எவ்வளவு?