கீரைச் சாற்றில் நைட்ரைட் பாதிதான் வருகிறது, பிளாங்க் சிவக்கிறது

கேள்வி:
அரைக்கீரையிலும் எலி பிளாஸ்மாவிலும் நைட்ரேட், நைட்ரைட் இரண்டும் அளக்க வேண்டும். கிரீஸ் முறை (நைட்ரைட்டை இளஞ்சிவப்புச் சாயமாக்கி நிறத்தை அளப்பது), 540 நானோமீட்டர். நைட்ரேட்டை நைட்ரைட்டாக ஒடுக்க வனேடியம் குளோரைடு. கீரைச் சாற்றில் தெரிந்த அளவு நைட்ரைட்டைக் கலந்தால் பாதிகூடத் திரும்ப வரவில்லை. ஹெபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த பிளாஸ்மா கலங்குகிறது. மாதிரி சேர்க்காத பிளாங்க்கும் இளஞ்சிவப்பாகிறது. எங்கே தவறு?

பதில் 1:
கீரையில் வைட்டமின் சி அதிகம். கிரீஸ் ரியேஜன்ட்டின் (நிறம் தரும் வேதிக்கரைசல்) அமிலத்தில் அது நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக்கி விரட்டிவிடும். சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்; ரீகவரி (கலந்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு) ஏறினால் காரணம் இதுதான். அப்போது ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த கரைசலை) சாற்றிலேயே சேர்த்து அளவுக்கோடு வரையுங்கள். சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்க, ஒவ்வொரு மாதிரிக்கும் சல்ஃபனிலமைடு மட்டும் சேர்த்த (நிறம் உண்டாக்கும் இரண்டாவது ரியேஜன்ட்டான என்.இ.டி. இல்லாத) பிளாங்க் வேண்டும்.

கீரையின் நைட்ரேட்டுக்கு கிரீஸ் முறையே தேவையில்லை, சாலிசிலிக் அமில முறை போதும். உலர்த்திப் பொடித்த இலை 100 மி.கி., தண்ணீர் 10 மி.லி., 45 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு சென்ட்ரிஃப்யூஜ். தெளிந்த சாறு 0.2 மி.லி.யுடன் 5% சாலிசிலிக் அமிலம் கரைத்த அடர் கந்தக அமிலம் 0.8 மி.லி. 20 நிமிடம் கழித்து 2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 19 மி.லி.யை மெதுவாக விடுங்கள், கடுமையாகச் சூடேறும். ஆறிய பிறகு, வரும் மஞ்சள் நிறத்தை 410 நானோமீட்டரில் படியுங்கள். இதற்கும் சாலிசிலிக் இல்லாத வெறும் கந்தக அமிலத்தில் இலைநிற பிளாங்க் போடுங்கள்.

மஞ்சள் வராவிட்டால் காரத்தை (சோடியம் ஹைட்ராக்சைடை) சந்தேகியுங்கள். 0.8 மி.லி. அமிலத்துக்கு 29 மில்லிஈக்விவலன்ட் (நார்மலை மி.லி.யால் பெருக்கினால் வருவது) காரம் தேவை, 19 மி.லி.யில் 38 இருக்கிறது. காரம் 1.5 நார்மலுக்கு இறங்கியிருந்தால் குழாய் அமிலமாகவே நிற்கும். பி.எச். 12க்கு மேல் இருந்தால்தான் நிறம் முழுமையாகும்.

பதில் 2:
கலங்கல் ஹெபரினால் வருவது. கிரீஸ் ரியேஜன்ட்டின் அமிலத்தில் அது வீழ்படிவாகும். இ.டி.டி.ஏ. (உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருள்) குழாய்க்கு மாறுங்கள். நைட்ரேட்டை வனேடியத்துக்குப் பதில் காட்மியத்தால் ஒடுக்கும் முறையானால் இ.டி.டி.ஏ.வும் ஆகாது, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. புரதத்தை இரு பங்கு குளிர்ந்த எத்தனாலால் வீழ்த்தி 10,000 ஜி-யில் (புவியீர்ப்பின் 10,000 மடங்கு) 10 நிமிடம் சுற்றுங்கள். ஸ்டாண்டர்டையும் அதே எத்தனாலில் தயாரிக்க மறக்காதீர்கள்.

ரத்தத்தை எடுத்தவுடன் 4 டிகிரியில் சுற்றிப் பிரித்துவிட வேண்டும். ஹீமோகுளோபின் நிமிடங்களில் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிவிடும். பிறகு உறையவைத்தும் பயனில்லை.

பிளாங்க்கை இரண்டாகப் போடுங்கள். வனேடியம் இல்லாமலே சிவந்தால் தண்ணீரில் நைட்ரைட். வனேடியம் சேர்த்தால் மட்டும் சிவந்தால் நைட்ரேட்: நைட்ரிக் அமிலத்தில் கழுவிய கண்ணாடி, கழுவாத வடிகட்டி, வடிதாள் மூன்றையும் பாருங்கள். வனேடியத்தோடு 37 டிகிரியில் வைத்த நைட்ரேட் ஸ்டாண்டர்டின் சாய்வு (செறிவு கூடக் கூட நிறம் ஏறும் அளவு) நைட்ரைட் ஸ்டாண்டர்டின் சாய்வுக்குச் சமமாக வர வேண்டும். குறைந்தால் ஒடுக்கம் முடியவில்லை, நேரத்தைக் கூட்டுங்கள்.

பதில் 3:
பறித்த கீரையை வெளியில் வைத்தால் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். உடனே உலர்த்துங்கள், அல்லது உறையவையுங்கள். தண்டில் இலையைவிட நைட்ரேட் அதிகம், இரண்டையும் சேர்த்து அரைக்காதீர்கள். விடையை நைட்ரேட்-நைட்ரஜனாகச் சொல்கிறீர்களா, நைட்ரேட்டாகவா என்று எழுதுங்கள், இடையில் 4.43 மடங்கு வித்தியாசம்.