500 வெள்ளிக்குள் அப்பாவின் பழைய இஎக்ஸ்5-ஐ வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா?

தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்

அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம். அப்பா பால்மரம் வெட்டப் போன காலம் முதல் ஓட்டிவந்த 1997-ஆம் ஆண்டு ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார்சைக்கிள் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் ஒரே உதையில் உயிர்பெறுகிறது. ஆனால் பக்க மூடிகளின் சிவப்புச் சாயம் வெளுத்துவிட்டது. சங்கிலி தளர்ந்து சத்தமிடுகிறது. பின் டயரும் தேய்ந்திருக்கிறது. சாயம் அடித்து, எல்இடி முன்விளக்கும் வேறு சைலன்சரும் மாட்டி, முடிந்தால் பெரிய பிஸ்டனும் போட விரும்புகிறேன். கையில் 500 வெள்ளிதான் உள்ளது. சாயத்துக்கு மட்டும் பட்டறையில் கேட்ட தொகை அதைத் தாண்டுகிறது என்பதால், லயத்து வீட்டின் பின்புறத்திலேயே செய்ய நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பஹாவ் பட்டறைக்காரர்

தம்பி, பிஸ்டனையும் சைலன்சரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த எஞ்சினின் துளை (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., வீச்சு (பிஸ்டன் நகரும் தூரம்) 49.5 மி.மீ.; அதனால்தான் அது 97 சி.சி. துளையை 57 மி.மீ. ஆக்கினால் 126 சி.சி. ஆகிவிடும். பலர் இதைச் சிறிய மாற்றமாக நினைக்கிறார்கள். ஆனால் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் இருக்கும் எஞ்சின் வேறு, நீங்கள் ஓட்டும் எஞ்சின் வேறு என்றாகிவிட்டால், விபத்து நேரும்போது காப்புறுதிக் கோரிக்கையில் சிக்கல் வரும். சைலன்சரும் அப்படித்தான்: புகை எளிதாக வெளியேறத் தொடங்கியதும் கார்புரேட்டர் தரும் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும், பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகான ஜெட்டையும் மாற்ற வேண்டிவரும்.

முதல் செலவு பின் டயர், இரு பிரேக் கட்டைகள், சங்கிலியும் முன், பின் பற்சக்கரங்களும். தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலியை மட்டும் மாட்டினால் அதுவும் விரைவில் கெடும். ஆகவே சங்கிலி, இரு பற்சக்கரங்கள் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். தோட்டத்து மேட்டில் இருவர் ஏறிப் போவதானால் பின் பற்சக்கரத்தில் ஓரிரு பல் கூட்டிக்கொள்ளலாம். முன்பல் 14, பின்பல் 36 என்றால் விகிதம் 2.57, பின்பல் 38 ஆனால் 2.71. இழுவை கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையும்.

சாயக்காரன், தாப்பா

சாயத்தை வீட்டிலேயே நன்றாக அடிக்கலாம். பொறுமை மட்டும் வேண்டும். மூடிகளைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, 400 எண் தண்ணீர்த் தாளால் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, 800-இல் முடியுங்கள். பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் பிளாஸ்டிக்குக்குரிய பிரைமர் என்னும் அடிப்பூச்சு கட்டாயம் வேண்டும். அதைத் தவிர்த்தால் சாயம் தோலாக உரிந்து வரும். பிறகு ஸ்பிரே குப்பியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே கனத்த பூச்சாக அல்லாமல், பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மெல்லிய பூச்சாக நான்கு முறை அடியுங்கள்.

நம் ஊரில் பலருக்குச் சாயம் பால்போல் வெளுத்துப்போவதற்குக் காரணம் நேரம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்கு முந்திய ஈரக் காற்றிலுள்ள நீர் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் நன்றாக ஏறிய முற்பகலில் தொடங்கி, மாலை மழைக்கு முன் முடித்து உள்ளே எடுத்துவையுங்கள்.

மேல்பூச்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த வண்டியின் பெட்ரோல் டாங்கி இருக்கைக்கு அடியில் இருப்பதால், சிந்தும் பெட்ரோல் நேராகப் பக்க மூடியில் வழியும். மலிவான கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அதில் கரைந்துவிடும். இறுகும் கலவையோடு வரும் டூகே கிளியர் தாங்கும். ஆனால் அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி முகமூடி போதாது, வேதிப்புகைக்கான வடிகட்டி முகமூடியே வேண்டும். திறந்த வெளியில், குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு அடியுங்கள். அதே சிவப்பையே தேர்ந்தெடுப்பது நல்லது. வேறு நிறம் என்றால் முதலில் போக்குவரத்துத் துறை முகப்பில் கேட்டுவிடுங்கள்.

ஒயரிங் அண்ணன், கூலிம்

விளக்கைப் பற்றி ஒரு சொல். உங்கள் வண்டியின் முன்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சுழலும்போது அதிலுள்ள காயில் என்னும் கம்பிச்சுருளிலிருந்து மாறுமின்னோட்டமாக வருகிறது. வெறும் எல்இடி பல்பை மாட்டினால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது மினுங்கும், விரைவில் கெடவும் கூடும். 1992 முதல் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கோடு ஓட வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்பதால், நம்பகமான பழைய பல்பே போதும். கண்ணாடிக் கூட்டைத் துடைத்து, இணைப்புகளின் பச்சைத் துருவைச் சுரண்டுங்கள். வெளிச்சம் கூடுவதைக் காண்பீர்கள்.

தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்

மிக்க நன்றி, அண்ணன்மாரே. டயரும் சங்கிலியும் இந்தச் சம்பளத்தில், சாயம் அடுத்த மாதம் என்று முடிவு செய்துவிட்டேன். ஓர் ஐயம்: இடது மூடியில் அப்பா ஆணியால் கீறிய எண் ஒன்று இருக்கிறது; அதை மறைக்க எனக்கு மனமில்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாமா?

சாயக்காரன், தாப்பா

விடலாம், தம்பி. அந்த இடத்தைத் தேய்க்காமல், சுற்றி ஒட்டுநாடா ஒட்டிச் சிவப்பை அடியுங்கள். கடைசியில் நாடாவை எடுத்து, அங்கே 1000 எண் தாளால் இலேசாக ஒருமுறை மட்டும் வருடிவிட்டு, மேல்பூச்சை மூடி முழுவதற்கும் சேர்த்து அடியுங்கள். அப்பா கீறிய எண் அடியில் பத்திரமாகத் தெரியும்.